மூக்கு அக்காவின் மூன்றாவது கட்டு

இலையைக் கசக்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரே இழுப்பு. சரியென்றால்தான் கட்டு, இல்லையென்றால் அந்தத் தண்டு வேலிக்கு அப்பால். அடுக்குமாடிக்கும் பேருந்துப் பணிமனைக்கும் நடுவே கிடந்த குப்பைமேட்டைத் தெருக்காரர்கள் கூடிக் காய்கறித் தோட்டமாக்கிய நாளிலிருந்து, இவள் முகர்ந்து பார்க்காத கீரை ஒரு வீட்டுக்கும் போனதில்லை. பெயரே மூக்கு அக்கா ஆகிவிட்டது.

பிழைப்பு தையல். கழுத்தில் அளவு நாடா தொங்கத்தான் தோட்டத்துக்கு வருவாள். தைத்து மிஞ்சிய துணியைக் கிழித்துக் கட்டுப் போடுவாள். பாத்திக்கு ஒரு தினுசுத் துணி. ஞாயிற்றுக்கிழமை செடி பழக வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரே பாடம்தான்: "கண்ணு ஏமாத்தும், மூக்கு ஏமாத்தாது. மோந்து பாருங்க." வெட்கப்பட்டு நிற்கிற பெரிய மனிதர் மூக்கிலேயே இலையைத் தேய்த்துவிடுவாள். யாராவது சிரித்தால், "சிரிங்க, சிரிங்க. வயித்தப் புடிச்சிக்கிட்டு ஓடறப்ப நான் சிரிக்கிறேன்" என்பாள். உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்பே வராது. இத்தனை வீட்டு வயிறும் தன் கையில் இருக்கிறதே என்ற பயம்.

போன ஞாயிறு அவளுக்குக் கடும் சளி. மூக்கு சுத்தமாக அடைத்துவிட்டது. சொன்னால் கௌரவம் என்னாவது? வழக்கம்போலக் கசக்கினாள், கண்ணை மூடினாள், தலையை ஆட்டினாள், கட்டினாள். கொடிக்கயிற்றில் தொங்கவிட்ட கட்டுகளை வேண்டியவர்கள் எடுத்துப் போனார்கள்.

மத்தியானம் தண்ணீர் ஊற்றப் போனவள், நீலக்கட்டம் போட்ட துணியால் கீரை கட்டிய பாத்தியில் ஊமத்தைச் செடி ஒன்று நிற்பதைப் பார்த்தாள். கையளவுதான், கீரையோடு கீரையாக. பக்கத்தில் இன்னொன்றின் அடித்தண்டு மட்டும், கத்தி பட்ட ஈரம் காயாமல்.

ஊமத்தை விஷம், சின்னப் பிள்ளை தின்றால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பாத்தியில் மூன்று கட்டு போட்டது நினைவிருந்தது. ஓடினாள். பணிமனை மெக்கானிக் வீட்டில் இன்னும் உலை வைக்கவில்லை. அவரே ஒவ்வொரு தண்டாகக் கசக்கி முகர்ந்து, "எல்லாம் கீரைதான்க்கா" என்றார். மாடியில் நர்ஸ் வீட்டுக் கட்டும் சுத்தம். அப்படியானால் மூன்றாவதில்தான். அது யாரிடம்?

"நீலக்கட்டம் துணி கட்டின கீரை எடுத்தீங்களா? சமைக்காதீங்க, சாமி." கதவு கதவாகத் தட்டினாள். யாரும் எடுக்கவில்லை. எந்த வீட்டுப் பிள்ளை மயங்கிக் கிடக்கிறதோ? எல்லோருக்கும் போன் போடலாமென்று வீட்டுக்கு ஓடிவந்தாள்.

வீட்டுத் தரையில் நீலக்கட்டம் துணி கிடந்தது. புருஷன் தட்டை வழித்துக்கொண்டிருந்தார்.

"கீரை எங்க?"

"வயித்துல" என்றார் அவர். "நீ கட்டினதாச்சே, ஒரு இலை விடல."

அவர் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். "என்னப் பாருங்க. கண்ணு மங்குதா? நாக்கு வறளுதா?"

மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எதுக்கும்மா இப்படி நடுங்கற? கொடியிலேர்ந்து நான் எடுத்துட்டு வந்த கட்டுதான். அதுல ஒரு தண்டு மட்டும் கசக்கினா ஒரு மாதிரி நாறுச்சு. அம்மா பார்த்துக் கட்டினதாச்சேன்னு யோசிச்சேன். மனசு கேக்கல, தூக்கிப் போட்டுட்டேன்."

மூக்கு அக்கா குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தாள். ஊமத்தை முழுசாக விழுந்தது, ஒரே ஓர் இலை மட்டும் கசங்கி.

மூக்கு அக்கா மகளின் கையை இழுத்து, இலை கசக்கிய விரல்களைத் தன் அடைத்த மூக்கில் வைத்து இழுத்தாள். ஒரு வாசனையும் தெரியவில்லை. கையை விடாமல் மறுபடி இழுத்தாள்.