நூறு பாதைகளும் ஒரு ஸ்கூட்டரும்

என் அக்கா யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். மாடு சினைக்குக் கத்தத் தொடங்கினால் சில மணித்தியாலங்களுக்குள் போயாக வேண்டும். தவறினால் மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். காலையில் ஏழெட்டு வீட்டுக்காரர் தொலைபேசி எடுப்பார்கள். எங்கே முதலில் போவது என்பது அவளுடைய அன்றாடத் தலையிடி. நான் கணினி ஆராய்ச்சி மாணவி. இடையிடையே மாறும் சிக்கல்களுக்குக் கூர்ப்பு முறையில், அதாவது உயிர்களின் பரிணாமம்போல, விடை தேடுவது என் ஆய்வு. அவளுடைய தலையிடியை ஆய்வுக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று கணினிக்குள் நூறு பாதைகளை உண்டாக்குவேன். நல்லவை இரண்டு இரண்டாகக் கலந்து குட்டி போடும். மோசமானவை செத்துப்போகும். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அக்காவின் பின்னால் ஏறினேன். முதல் நாள் அருமையான பாதை கிடைத்தது. ஆனால் பாதி வழியில் புது அழைப்பு வந்தபோது, எவ்வளவு தட்டியும் அது பழைய பாதையை விட்டு அசையவில்லை.

"உன்ர பெட்டிக்குக் காது கேக்காதோ?" என்றாள் அக்கா.

வீட்டில் பார்த்தபோதுதான் விளங்கியது. பல தலைமுறை கலந்து நூறு பாதைகளும் ஒன்றுபோலாகிவிட்டன. எல்லாம் ஒன்றானால் புதிதாக என்ன பிறக்கும்? ஒவ்வொரு தலைமுறையிலும் கண்டபடி பத்துப் புதுப் பாதைகளை உள்ளே விட்டேன்.

அடுத்த கிழமை நயினாதீவிலும் ஒரு மாடு. காற்றுப் பலமென்று படகுகளை நிறுத்தியிருந்தார்கள். இரண்டாவது வீட்டில் நிற்கும்போது, ஒரு படகு மட்டும் வெளிக்கிடப்போகிறது என்று குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து தகவல் வந்தது. அதைக் கணினிக்குக் கொடுத்தேன். திரை தடுமாறியது, பிறகு புதுப் பாதை விழுந்தது: நேரே இறங்குதுறைக்கு.

"பக்கத்து வளவு மாட்டை விட்டிட்டோ?" என்றாள் அக்கா.

"அந்த மாடு இப்பதான் கத்தத் தொடங்கினது அக்கா. பின்னேரம் வரைக்கும் பொறுக்கும்."

ஒரு கணம் யோசித்தவள், பிறகு பறந்தாள். இரண்டு பக்கமும் கடல், முகத்தில் உப்புக் காற்று. மடிக்கணினியைக் கட்டிப்பிடித்தபடி நான் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே போனேன். கயிறு அவிழ்த்த படகுக்குள் எங்களைக் கைபிடித்து இழுத்துப் போட்டார்கள்.

மூச்சு வாங்கியபடி, இந்த யோசனை எங்கிருந்து வந்ததென்று அக்கா கேட்டாள். கண்டபடி உள்ளே விட்ட ஒன்றின் பேரப்பிள்ளை என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அலை ஒன்று வந்து எல்லாரையும் நனைத்தது. அதற்கும் சிரித்தோம்.

அதே படகில் திரும்பி வந்து, பொழுதுபடுவதற்குள் அன்றைய எட்டு மாடுகளும் முடிந்தன. அப்படி ஒரு நாள் தனக்கு வாய்த்ததில்லை என்றாள் அக்கா. வீட்டில் மடிக்கணினியைத் திறந்தேன். எங்கோ வழியில் பற்றரி இறங்கி, அன்றைய பதிவு ஒரு வரிகூட மிஞ்சவில்லை. என் ஆய்வு மேற்பார்வையாளருக்குக் காட்ட ஒன்றுமே இல்லை. தலையில் கைவைத்தபடி அக்காவைப் பார்த்தேன். பிறகு இருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நாளைக்கும் மாடு கத்தும்தானே," என்றாள்.