யன்னலோரம் ஓர் ஆணி

அப்பாவின் படகு எஞ்சினுக்கு ஒரு சிவப்புக் கயிறு உண்டு. ஒரு நுனியை எஞ்சினில் மாட்டி மறுநுனியை அப்பா மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். ஓட்டுகிறவர் தவறிக் கடலில் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். அதை மாட்டாமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவும் ஏலாது. எங்கள் ஊரான சல்லியில் மற்றவர்கள் அதைப் படகிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அப்பா மட்டும் கழற்றிக்கொண்டு வந்து, சாமியறையில் அம்மன் படத்துக்குக் கீழே தொங்கவிடுவார். காலையில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்ட பிறகுதான் அதில் கை வைப்பார். சாமியறை வீட்டுக்கு நடுவில் இருக்கிறது. அதற்கு யன்னல் இல்லை, பகலிலும் லைட் போடவேண்டும்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். ஒற்றைப் பெண்பிள்ளை என்று என்னைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். டியூசனுக்குக்கூட அம்மா கூடவே வந்து, முடியும்வரை மதிலோரம் நிற்பார். கடற்கரையில் வீடு இருந்தும் கடலில் எனக்கிருந்த பங்கு ஒன்றுதான். டொல்பின் பார்க்கப் போனவர்களை அப்பா இறக்கிவிட்டு வந்ததும், அவர்கள் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டுகளைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி வேலியில் காயப்போடுவது.

அந்தச் சீசனில்தான் அவன் வந்தான். துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் பெரிய முதலாளியின் மகன், என்னைவிட ஒரு வயது கூட. கொழும்பில் ஹொஸ்டலிலிருந்து நிறுத்தப்பட்டவனைத் தகப்பன் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். பொழுது போகாமல் வாரத்தில் நாலு நாள் அப்பாவின் படகில் ஏறினான். ஒருநாள் நாலாம் நம்பர் ஜாக்கெட்டை அலசும்போது, விசில் வைக்கும் சின்னப் பையில் மடித்த கடதாசி கிடந்தது. ‘இவ்வளவு சுத்தமாகக் கழுவுவது யார்?’ என்று எழுதியிருந்தது. நான் மறுமொழி எழுதி அதே பையில் வைத்தேன். எங்கிருந்து எனக்கு அந்தத் துணிவு வந்தது என்று இன்றைக்கும் விளங்கவில்லை. அந்தக் கொழும்புத் தம்பி நாலாம் நம்பர் ஜாக்கெட் இல்லாவிட்டால் படகில் ஏறமாட்டாராம் என்று அப்பா சாப்பிடும்போது சொல்லிச் சிரித்தார். நான் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பிறகு அம்மா மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானுமாக நின்று கதைக்கத் தொடங்கினோம். அவனுக்கு எந்நேரமும் கை நடுங்கும். நல்லாகச் சிரித்துக்கொண்டிருப்பான், திடீரென்று கோபம் வந்து கம்பியைக் குத்துவான். எனக்குப் பயமாக இருக்கும், ஆனாலும் அடுத்த நாள் மத்தியானம் எப்போது வரும் என்று இருக்கும்.

"ஹொஸ்டல்ல ஒருத்தன்ட ஃபோன் காணாமப் போச்சு. நான் எடுக்கல்ல. ஒருத்தரும் நம்பல்ல, அப்பாவும் நம்பல்ல," என்றான் ஒருநாள். "இன்னொருக்கா களவு எண்டு பேர் வந்தா, நீ என்ட மகனே இல்ல எண்டு சொல்லிட்டார்."

"நான் நம்புறன்," என்றேன். அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ஆடி மாதம், கச்சான் காற்று அனலாக அடித்த ஒரு மத்தியானம், அவன் கன்னம் வீங்கிப்போய் வந்தான். தகப்பன் அடித்திருந்தார்.

"உங்கட அப்பாட எஞ்சின் கயிறைத் தாங்க. கரையோட ஒரு சுத்துச் சுத்திட்டு அரை மணித்தியாலத்தில வந்திருவேன். இல்லாட்டி எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. அது அடிக்கும்போது கரையோரக் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். வெளியூர்க்காரர் அதைப் பார்த்துத்தான் ஏமாறுவார்கள். எஞ்சின் நின்றால் போதும், காற்றே படகை ஆழ்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் அப்பா பதினொரு மணிக்குப் பிறகு படகை இறக்குவதே இல்லை. இது சல்லியில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சாமியறைக்குள் போய்க் கயிற்றை எடுத்து வந்து வேலிக்கு மேலால் நீட்டினேன். அதுவரை எல்லாரும் எனக்குத் தந்துதான் பழக்கம், என்னிடம் ஒருவரும் எதையும் கேட்டதில்லை. அந்தப் பெருமையில் புத்தி கெட்டுப்போனேன். காய்ந்துகொண்டிருந்த நாலாம் நம்பர் ஜாக்கெட்டையும் கொடுத்தேன், அதையாவது செய்தேன்.

அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலமானது. எஞ்சின் தாங்கியில் காலைப் பயணத்தின் மிச்சப் பெற்றோல் மட்டும்தான் இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்பா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மூன்று தரம் பக்கத்தில் போய் நின்றேன். சொன்னால் வேலி, கடதாசி எல்லாம் வெளியே வரும். சொல்லாவிட்டால் அவன் சாவான். இவ்வளவு தெரிந்தும் இன்னொரு அரை மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது.

"அப்பா, சாமியறையில கயிறு இல்லை."

"ஆர் எடுத்தது, பிள்ளை?"

"தெரியாது. அந்தக் கொழும்புத் தம்பி கரைப்பக்கம் போனதைக் கண்டனான்."

அப்பா செருப்பும் போடாமல் ஓடினார். எங்கள் படகு கரையில் இல்லை. "கரையோட தேடி வேலையில்லை, காத்தோடதான் போகவேணும்," என்று சொல்லிப் பக்கத்து வீட்டுப் படகை இறக்கிக்கொண்டு நேரே கிழக்கே விட்டார்.

தகவல் கேட்டு அவனுடைய தகப்பன் வந்து இறங்கினார். "இவனால எனக்கு ஒரு நாள் நிம்மதி இல்லை," என்று மணலில் அங்குமிங்கும் நடந்தார். ஃபோனைப் பிடித்திருந்த அவருடைய கையும் மகனுடையதைப் போலவே நடுங்கியது. நான் அம்மாவுக்குப் பின்னால் நின்று அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன்: அவனை உயிரோடு கொண்டுவா, எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பொழுது சாய முதல் இரண்டு படகும் வந்தன, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு. அவன் நாலாம் நம்பர் ஜாக்கெட்டோடு குந்தியிருந்தான். உதடு வெடித்திருந்தது.

தகப்பன் அவனைக் கட்டிப்பிடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். "கயிறு உனக்கு எப்பிடிக் கிடைச்சது?" என்று கேட்டார்.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "களவெடுத்தேன். அவங்கட வீட்டு யன்னலால கையை விட்டு எடுத்தேன்."

அவன் எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. கயிறு தொங்கிய சாமியறைக்கு யன்னலே இல்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அப்பா அவனையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது.

"ஓம் ஐயா," என்றார் அப்பா. "யன்னலுக்குக் கிட்டத்தான் தொங்கினது."

அவன் கன்னத்தில் அறை விழுந்த சத்தம் கரை முழுக்கக் கேட்டது. "கள்ளன்," என்றார் தகப்பன். நின்றவர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவனை நம்புகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் நான். நேர்த்தி வைத்த வாய் திறக்கவில்லை.

அந்தக் கிழமையே அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஜாக்கெட் திரும்பி வந்தது, பையில் ஒன்றும் இல்லை.

அப்பா என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அடுத்த நாள் காலை சுத்தியல் சத்தம் கேட்டு எழும்பினேன். முன்னறை யன்னலுக்குப் பக்கத்தில் அப்பா புதிதாக ஓர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அம்மா கேட்க, கயிற்றை எடுத்து அதில் மாட்டினார். அன்றிலிருந்து கயிறு அங்கேதான் தொங்குகிறது.