தகரத்துக்குக் கீழே ஒரு பங்குனி

மாசி பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கெல்லாம் எங்கள் லயத்தில், தோட்டத்து ஆட்களின் அந்த வரிசை வீடுகளில், கதவுகள் சாத்திக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் உள்ளேயே இருந்தாலும் அப்படித்தான். கரூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு இது பெரிய மரியாதைக் குறைவாகப் பட்டது. நம் ஊரில் பகலில் கதவைச் சாத்தினால் வீட்டில் சண்டை, இல்லாவிட்டால் ஆளில்லை என்று அர்த்தம். பக்கத்து வீட்டுச் செல்லம்மா என் வயதுக்காரி, என்னைப் போலவே கைக்குழந்தைக்காரி. பிள்ளை பெற்று, கொழுந்தெடுக்கப் போகாமல் வீட்டிலிருந்தாள். ஒருநாள் உப்பு கேட்டுப் போனால் உள்ளேயிருந்தே குரல் வந்தது.

"கதவத் தெறக்காதீங்கக்கா, வெயிலு உள்ள வந்துரும். சன்னல் பக்கமா வாங்க, தர்றேன்."

வெயில் என்ன வழி விசாரித்துக்கொண்டா வருகிறது? உப்பும் வேண்டாம், உறவும் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். புதிதாக வந்தவளை வாசலோடு நிறுத்துகிறாள் என்றுதான் நினைத்தேன்.

தேயிலை மலையில் ஏது வெயில் என்று ஊரில் இதை வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். குளிர் தேசம் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். இரவில் கம்பளி இல்லாமல் முடியாது என்பது உண்மை. ஆனால் எங்கள் தோட்டம் ஹட்டனுக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. மழை இல்லாத மாசி பங்குனியில் உச்சிப்பொழுதுத் தகரக்கூரை அடுப்பில் கவிழ்த்த சட்டிதான். லயத்தில் ஒரே அறை, அதற்குள் விறகடுப்பு. நான் நம் ஊர் வழக்கப்படி காற்று வரட்டும் என்று கதவைப் பப்பரப்பே என்று திறந்துபோட்டு, உச்சிவெயிலில் உலையும் வைப்பேன்.

முதல் பங்குனியில் என் மகள் வள்ளிக்கு மூன்று மாதம். உடம்பெல்லாம் வேர்க்குரு. மத்தியானமானால் முலையை வாயில் வாங்காமல் தலையைத் திருப்பிக்கொள்வாள், அழக்கூடத் தெம்பில்லை. தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்ல, சூடுதான். குளிர்ச்சியா வச்சுக்கங்க" என்றார். எதை வைத்து என்று அவர் சொல்லவில்லை. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார். "நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிரு. புதன்கெழம ரயிலு." கரூர் வெயிலுக்கா என்று சிரிக்காதீர்கள். அங்கே எங்கள் வீடு மண்சுவர், கீற்றுக்கூரை, உள்ளே தரை ஜில்லென்று இருக்கும். ஆனால் போனால் திரும்பி வர அனுமதிக் கடுதாசி கிடைக்குமா என்று எவருக்கும் தெரியாத காலம் அது. பிள்ளை பிழைத்தால் புருஷன் இல்லை, புருஷன் இருந்தால் பிள்ளை இல்லை என்ற நிலையில் நின்றேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

திங்கட்கிழமை மத்தியானம், புத்தி கெட்டுப்போய், வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு கூரைமேல் வீசினேன். தகரம் சீறிப் புகைந்து, கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிட்டது. அந்த மாதத்தில் பீலியில், லயத்துக்கே பொதுவான அந்தத் தண்ணீர்க் குழாயில், தண்ணீர் நூலாகத்தான் விழும். ஒரு வாளி நிறைய அரைமணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். நாலாவது வாளியைத் தூக்கும்போது செல்லம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"என்னக்கா பண்றீங்க? இந்தத் தண்ணி இருந்தா நான் மூணு நாளைக்கு வீட்டக் குளிர வச்சிருவேனே."

"நீதான் கதவச் சாத்திக்கிட்ட. நான் யாரக் கேக்குறது?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஒங்களுக்கா சாத்துனேன்? வெயிலுக்குல்ல சாத்துனேன். வந்து பாருங்க."

போனேன். வாசலைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தேன். அதே லயம், அதே தகரம், ஆனால் உள்ளே மரநிழல். தகரத்துக்கு அடியில் பழைய சாக்குகளைத் தைத்து இழுத்துக் கட்டியிருந்தாள். தேயிலைப் பக்கச் சன்னலில் ஈரச் சாக்கு. அடுப்பை இஸ்தோப்புக்கு, அதாவது வாசல் திண்ணைக்கு, மாற்றி, விடியுமுன்னே சோறாக்கிவிடுவாளாம். கூரைமேல் சௌசௌ கொடி ஒரு பாய் அகலத்துக்குப் படர்ந்து கிடந்தது. பள்ளிக்கூடம் போகாதவள்; வெயில் எந்த நேரம் எந்தச் சுவருக்கு வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். கூலிக்காரி என்று இவளை ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட, இவளைப் போய்த் தப்பாக நினைத்தேனே என்ற வெட்கம்.

அன்று சாயங்காலமே அவளும் நானுமாக என் அடுப்பை வெளியே மாற்றினோம், சாக்குத் தைத்தோம். மறுநாள் அவள் புருஷன் ஏணி வைத்து ஏறி, தங்கள் கூரைக் கொடியில் பாதியைத் திருப்பி எங்கள் தகரத்தில் படர விட்டார். தங்கள் நிழலில் பாதியை எடுத்துத் தந்தார்கள், அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. "புதங்கெழம ஒரு மத்தியானம் பாருங்கண்ணே. சரியா வரலேன்னா வெள்ளிக்கெழம ரயிலுக்கு அனுப்புங்க" என்று செல்லம்மாதான் என் வீட்டுக்காரரிடம் தவணை வாங்கினாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு என் கையாலேயே கதவைச் சாத்தினேன். அரை வாளித் தண்ணீரில் சாக்கை நனைத்துச் சன்னலில் மாட்டினேன். உச்சிப்பொழுதில் வள்ளி முனகினாள், முகத்தால் தேடினாள். வயிறு முட்டக் குடித்துவிட்டு என் மடியிலேயே தூங்கிப்போனாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது, இனி நான் எங்கேயும் போக வேண்டாம் என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் கீழே பள்ளத்தாக்கில் நான் ஏறியிருக்க வேண்டிய கொழும்பு ரயில் கூவியது. சந்தோஷத்தில் சிரிக்க வேண்டியவள், என் அம்மாவை நினைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன். எனக்கென்று இருந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்து தலைமன்னார் போய், கப்பலேறி, என் ஊர்ப்பக்கம் இறங்கியிருப்பார்கள்.