பின்சீட்டில் மூன்று பேர்

அப்பா எங்கள் பழைய காரை இரண்டு அங்குலம் உயர்த்தியது அம்மாவைத் திரும்ப அழைத்து வருவதற்காக.

ஈப்போ பக்கம் கோப்பெங்கைத் தாண்டி, ரப்பர் போய் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீட்டில் இருந்தோம். தார் போடாத செம்மண் பாதை. ஐந்து பேரும் ஏறினால் காரின் அடி கல்லில் இடிக்கும். ஒரு மழைநாளில் அப்படி இடித்து நின்றபோது அம்மா இறங்கி, தம்பிகள் இருவரையும் சேற்றில் நடத்திக் கூட்டிப்போனார். அந்த மாதமே தம்பிகளைக் கூட்டிக்கொண்டு, கமுந்திங் ஊரில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே தொழிற்சாலையில் வேலையும் கிடைத்தது. எனக்கு ஆறாம் ஆண்டுத் தேர்வு இருந்ததால் நான் மட்டும் அப்பாவோடு தங்கினேன்.

எங்கள் வரிசையில் வேறு யாரும் குடியில்லை. அப்பா வேலைவிட்டு வரும்வரை நோட்டில் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பேன். செய்ய வேண்டியவை, அம்மாவிடம் போனில் சொல்ல வேண்டியவை, அப்பாவிடம் சொல்ல வேண்டியவை. முடிந்ததற்கு நேரே ஒரு டிக்.

அம்மா போனதற்குப் பாதைதான் காரணம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். பாதையை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஸ்பிரிங்குகளுக்கு ரப்பர் கட்டை கொடுத்துக் காரை உயர்த்தினார். முன்பக்கம் ஒழுங்காக அமைந்தது. பின்பக்கத்தில், குலுக்கலைத் தாங்கும் பழைய ஷாக்கின் நீளம் எட்டவில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் இழுபட்டு எண்ணெய் கசிந்தது. பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம் இருந்தது. அதற்குள் நீளமான ஷாக் மாட்டிவிட்டால் போய் மூவரையும் கூட்டி வந்துவிடலாம், பிறகு திரும்பிப் போகமாட்டார்கள் என்றார்.

சனிக்கிழமை லகாட்டில் ஒரு பழைய கார்ச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு ஜோடியை எடுத்து வைத்தார். நீளம் ஒன்றே. வேனிலிருந்து கழற்றியது கெட்டி. கையால் அழுத்தினால் அசையவே இல்லை. காரிலிருந்து வந்தது மெது. ஆள் இல்லாமல் ஓட்டினால் கெட்டி ஷாக் தூக்கித் தூக்கிப் போடும் என்றார். எழுதிக்கொண்டேன்.

“பின்னால எத்தன பேருண்ணே ஏறுவீங்க? அத சொன்னாத்தான் எதுன்னு சொல்ல முடியும்லா.”

“மூணு பேரு,” என்றார் அப்பா, உடனே.

ஆளை ஏற்றித்தான் அளப்பது அந்தக் கடைக்காரரின் வழக்கம். பக்கத்துக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மூன்று பேரைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவர்கள் நெருக்கியடித்துப் பின்சீட்டில் ஏறினார்கள்.

“டேய் மச்சான், நீ ஒருத்தனே மூணு பேரு வெயிட்டு. அளவு தப்பாயிரும், எறங்குடா!”

“காலையில ஒரே ஒரு ரொட்டி சானாய்தான் சாப்பிட்டேன்லா!”

அப்பா சிரித்தார். அம்மா போனபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். குனிந்து டேப்பை வைத்து அளந்துவிட்டு, கெட்டியானதே சரி என்றார்.

தப்பான தேர்வு என்று எனக்குப் பட்டது.

“பின்னால யாரும் ஏற மாட்டாங்களேப்பா. தம்பிங்க ரெண்டு பேரையும் கமுந்திங் ஸ்கூல்ல சேத்தாச்சு. நம்ம ரெண்டு பேருதானே.”

அதை அம்மா புதன்கிழமை போனில் என்னிடம் சொல்லியிருந்தார். அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். மறுநாள் அவர்கள் இருவரும் பேசிய பிறகு, சொல்லியாயிற்று என்று நினைத்து நான் நோட்டில் அதற்கு நேரே டிக் போட்டிருந்தேன்.

பின்சீட்டில் சிரிப்பு நின்றது. மூவரும் ஒருவர்பின் ஒருவராக இறங்கினார்கள். பருமனானவர் கடைசியாக இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். காரின் பின்பக்கம் மேலே எழும்பி நின்றது. அப்பா டேப்பைச் சுருட்டினார். சுருட்டி முடிந்த பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“மெதுவானதே மாட்டுங்க,” என்றார்.

இன்று ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. இப்போது கேட்டாலும் அதே ஜோடியைத்தான் சொல்வேன். இரண்டு பேருக்கு அதுதான் சரி.

திரும்பும்போது கார் செம்மண் பாதையில் மிதந்துபோனது. என் கணக்குச் சரியாக வந்த பெருமையில் நான் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா ரேடியோவை அணைத்துவிட்டார். புதிதாக மாட்டியதில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு வருகிறார் என்று நினைத்து, நானும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.