வாங்காமல் திரும்புவது ஒரு வேலை

லிந்துலை சூசைரட்ணத்துக்குக் கடவுள் கொடுத்த சொத்து ஒரு முகம். ‘வீட்டில் கேட்டுக்கொண்டு நாளைக்கு வருகிறேன்’ என்று அந்த முகம் சொன்னால் எந்தக் கடைக்காரரும் நம்பிவிடுவார். வாழ்க்கையின் பெரும்பகுதியில் அதனால் அவருக்கு ஒரு பயனும் இருக்கவில்லை. காப்புறுதி விற்றார். மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் தானாக வந்து விழும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தண்ணீர் வடிகட்டி விற்றார். எல்லாம் கமிஷன் வேலை. விற்றால் சோறு, விற்காவிட்டால் பேச்சுத்தான் மிச்சம். அவர் முகம் வாங்குகிறவரின் முகம்; அதை வைத்துக்கொண்டு விற்க முடியவில்லை.

கடைசியில் கொழும்பு நிறுவனம் ஒன்று அந்த முகத்தின் மதிப்பைக் கண்டுபிடித்தது. பெரிய கடைகள் தங்கள் விற்பனையாளர்களை வேவு பார்க்க அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும். நிறுவனம் சூசைரட்ணம் போன்றவர்களை வாடிக்கையாளர் வேஷத்தில் அனுப்பும். இதற்கு ‘மிஸ்டரி ஷாப்பர்’ என்று பெயர். போக வேண்டும், விலை கேட்க வேண்டும், சந்தேகம் கேட்க வேண்டும், விற்பனையாளரை அரை மணி நேரமாவது கட்டிப்போட வேண்டும், வாங்காமல் திரும்ப வேண்டும். பிறகு அவர் புன்னகைத்தாரா, உத்தரவாதத்தைப் பற்றிச் சொன்னாரா, வேறு கடையைப் புகழ்ந்தாரா என்று அறிக்கை கொடுக்க வேண்டும். சூசைரட்ணம் இதை ‘ஆடிட் வேலை’ என்று ஊரில் சொல்லிக்கொண்டார். அவர் மனைவி ஐவி ‘பொய் சொல்ற வேல’ என்றார்.

அவருக்கும் உறுத்தல் இருக்கத்தான் செய்தது. இது பாவமா என்று பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை கேட்டார். “அதனால யாருக்காவது நட்டம் உண்டா?” என்று பங்குச் சுவாமி கேட்டார். “இல்ல சுவாமி” என்றார் சூசைரட்ணம். கமிஷனில் பிழைப்பவனுடைய அரை மணி நேரம் என்றால் என்ன என்று அந்தப் பங்கிலேயே மிக நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். பாவத்தைச் சொல்லப் போன இடத்தில் இன்னொன்றைச் செய்துவிட்டு, இலேசான மனதோடு வெளியே வந்தார்.

தோட்டத் தொழிலாளர் கைக்குத் தீபாவளி அட்வான்ஸ் வந்த சனிக்கிழமை, வீட்டுச் சாமான் கடை ஒன்றின் ஹட்டன் கிளைக்கு அவரை அனுப்பினார்கள். கூட்ட நாளில்தான் ஊழியரின் உண்மையான குணம் தெரியும் என்பது கொழும்பின் கொள்கை. அந்த நாளில்தான் ஊழியருக்குக் கமிஷனாக நாலு காசு கிடைக்கும் என்பது கொழும்பின் கொள்கையில் சேரவில்லை. அந்த மாதம் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேஷம் மணப்பெண்ணின் தகப்பன். பெயர் நல்லமுத்து. மகளுக்குச் சீராக அலுமாரி பார்க்க வருகிறார். சட்டைப் பையில் போன் பேச்சைப் பதிந்துகொண்டிருக்கும்.

கடையில் அவரிடம் வந்தவள் நாகலெட்சுமி. முப்பதைத் தாண்டாத பெண். கம்பனிச் சேலை, கழுத்தில் பெயர் அட்டை. ஒரு கணவனும் மனைவியும் சலவை இயந்திரத்தின் பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஒரு நிமிசங்க, ஐயாவக் கவனிச்சிட்டு வந்துர்றேன்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு இவரிடம் திரும்பினாள்.

“வாங்கய்யா. எந்தத் தோட்டம்ங்க?”

கொழும்பில் பயிற்சி கொடுத்தவர்கள் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மலையகத்தில் எந்தக் கடையிலும் முதலில் கேட்கப்படும் இந்தக் கேள்வி அவர்களுக்குத் தெரியாது. லிந்துலை என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று சூசைரட்ணம் தூரமாகப் போனார்.

“வலப்பனைப் பக்கம்மா.”

“வலப்பனையில எங்கங்க?”

கேள்விப்பட்டிருந்த ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லி, “மேல் டிவிசன்” என்றார்.

“அட, எங்க சின்னம்மாவ அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. எந்த லயம்?”

கோயில் இல்லாத தோட்டப் பிரிவு இருக்காது என்ற துணிச்சலில், “கோயில் பக்கத்து லயம்” என்றார்.

“அப்ப எங்க ராக்காயிச் சின்னம்மாவத் தெரியும்ல?”

“தெரியாம என்ன.”

“அப்படின்னா நீங்க எனக்கு சித்தப்பா மொறையாச்சே. நான் பாட்டுக்கு ஐயாங்கிறேன்.” நாகலெட்சுமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “சின்னம்மாவுக்கு இடுப்பு எப்படிங்க இருக்கு? மலையில சறுக்கி விழுந்ததுக்குப் பொறகு போன்ல ஒழுங்காப் பேசவே மாட்டேங்குது.”

“இப்ப பரவாயில்ல. நடக்குது.”

“நெசமாவா? நாளைக்கு லீவு போட்டுட்டுப் போய்ப் பாக்கலாம்னு இருந்தேன். நல்லாயிருக்குன்னா தீபாவளி கழிச்சே போய்க்குறேன்.”

சட்டைப் பையிலிருந்த போன் இதையும் பதிந்துகொண்டது. சூசைரட்ணம் தலையை ஆட்டினார். அவர் பழகிய பொய்கள் எல்லாம் விலை, அளவு, நிறம் சம்பந்தப்பட்டவை. முன்பின் தெரியாத ஒருத்தியின் இடுப்பைக் குணமாக்கியது அன்றுதான்.

பிறகு அவர், மகளின் கல்யாணச் சீருக்கு என்று சொல்லி, அலுமாரியைக் காட்டச் சொன்னார். மூன்று கதவு, கண்ணாடி பதித்தது, கம்பனியின் அந்த மாதத்து விளம்பரச் சரக்கு. நாகலெட்சுமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சித்தப்பா, வேற ஆளா இருந்தா நான் சொல்ல மாட்டேன். இத எடுக்காதீங்க. இது மரத்தூள அமுக்கிச் செஞ்ச பலக. நம்ம பக்கத்துப் பனிக்கு வீங்கிரும். அப்பறம் கதவு மூடாது. கல்யாணம் முடிஞ்ச வீட்டுல அலுமாரி வாயப் பொளந்துக்கிட்டு நின்னா மாப்பிள்ள வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க?”

“அப்ப என்ன செய்யிறது?”

“தலவாக்கலையில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மரவேல பாஸ் ஒருத்தரு இருக்காரு. நல்ல மரத்துல செஞ்சு குடுப்பாரு. என் பேரச் சொல்லுங்க.”

அதற்குள் சலவை இயந்திரத்துக்காரர்களை லோஜன் என்ற இன்னொரு விற்பனையாளன் அழைத்துக்கொண்டு போய்விட்டான். பில் போடும் சத்தம் கேட்டது. நாகலெட்சுமி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“ஒனக்கு வரவேண்டியது போச்சே” என்றார் சூசைரட்ணம். அது மட்டும் வேஷத்தில் இல்லாத பேச்சு.

“போகட்டும் விடுங்க. கல்யாண வீட்டு வேல நடக்குறப்ப இதெல்லாம் பாக்க முடியுமா.”

அவர் எழுந்ததும் அவளும் எழுந்து உள்ளே போனாள். ஊழியர் கணக்கில், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு ரைஸ் குக்கரோடு வந்தாள். தங்கச்சி முறைக்காரிக்குக் கல்யாணம் என்று கேட்ட பிறகு வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் தங்கள் குடும்பத்தில் இல்லை என்றாள். வேண்டாம் என்றால் உறவை மறுத்ததாகும். வாங்கினால் நிறுவனத்தின் விதிப்படி அது லஞ்சம். விற்பனையாளர் பொருள் ஏதும் கொடுத்தாரா என்று அறிக்கையில் ஒரு கேள்வியே உண்டு. சூசைரட்ணம் வாங்கிக்கொண்டார். லிந்துலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, பக்கத்தில் இருந்தவர் “என்ன விசேசம்?” என்று கேட்டார். “கல்யாணம்” என்றார். வேலை நேரம் முடிந்த பிறகும் வாய் அப்படியே வந்தது.

வீட்டில் ஐவி பெட்டியைப் பார்த்தார். “யாரு குடுத்தா?”

சூசைரட்ணம் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவரை நல்லவர் என்று சொல்ல இடமில்லாவிட்டாலும், மனைவியிடம் பொய் சொல்லத் தெரியாதவர் என்று சொல்லலாம்.

“அப்ப அந்தப் பிள்ளயப் பத்தி என்ன எழுதப் போறீங்க?”

“உள்ளத உள்ளபடிதான் எழுதணும். அவ கம்பனி சாமானக் கொற சொன்னா, அடுத்த கடைக்கு வழி காட்டுனா, பொருள் குடுத்தா. மூணும் இருந்தா அவ வேல போயிரும். நான் என்ன செய்ய? நான் மனச்சாட்சிக்கு விரோதமா எழுத மாட்டேன்.”

“ஓஹோ. நம்ம மக றொசானாவுக்குக் கல்யாணம்னு சொன்னது உள்ளதோ?”

“அது நல்லமுத்து மகளுக்கு.”

“காலையில பூரா நல்லமுத்து, சாயந்தரம் ஆனா சூசைரட்ணம். பொய் ஒரு ஷிப்ட், சத்தியம் ஒரு ஷிப்ட். நல்ல டைம்டேபிள்தாங்க.” ஐவி பெட்டியை மேசையில் வைத்தார். “சீரையும் வாங்கிக்கிட்டு அவ சோத்துலயும் மண்ணப் போடப் போறீங்க. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ரெண்டு பேரும் போறோம்.”

உண்மையில் அவருக்கு வேறு வழியும் இருந்தது. கொழும்பு அலுவலகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. பதிவைக் கேட்கும் மேற்பார்வையாளர் பிரியந்தி ஒவ்வொரு முறையும் சிங்களத்தில் “அங்கிள், என்ன பேசினார்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்” என்பார். ‘எடுக்காதீங்க’ என்பதை ‘கட்டாயம் எடுங்கள்’ என்று மாற்றிச் சொன்னால் நாகலெட்சுமிக்கு முழுப் புள்ளி. ஆனால் முன்பின் தெரியாதவர்களிடம் கூசாமல் பொய் சொன்ன மனிதருக்குத் தன் முதலாளியிடம் பொய் சொல்வது பாவமாகப் பட்டது. நம்மில் பலருடைய நேர்மையும் இப்படித்தான், சம்பளம் வருகிற திசையைப் பார்த்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் குறைவு. நாகலெட்சுமி வாசலுக்கே வந்தாள். “வாங்க சித்தப்பா. இவங்க சித்தியா?”

“நான் ஐவி” என்றார் ஐவி. கணவரைப் பார்த்தார். “சொல்லுங்க.”

சூசைரட்ணம் சொன்னார். பெயர், வலப்பனை, கோயில் லயம், கல்யாணம், எல்லாம் பொய் என்றும் தான் யார் அனுப்பி வந்தவர் என்றும் சொன்னார். குக்கர் பெட்டியை மேசையில் வைத்தார். நாகலெட்சுமி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து, அதற்குத் தலை குனிந்து நின்றார். அவள் கேட்டது வேறு.

“அப்ப சின்னம்மாவுக்கு இடுப்பு?”

“தெரியாதும்மா.”

“இன்னைக்கு லீவ ரத்துப் பண்ணிட்டேன்.”

லோஜன் தூரத்திலிருந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

“மன்னிச்சிரு மகளே” என்றார் சூசைரட்ணம். “நல்லதா மாத்திச் சொல்லவா? அங்க யாருக்கும் தமிழ் தெரியாது.”

“எனக்காக ஒண்ணும் மாத்த வேணாங்க. நான் சொன்னத அப்படியே சொல்லுங்க. நீங்க என்னென்ன சொன்னீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க.”

“அதெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்கம்மா.”

“கேக்க மாட்டாங்களா” என்றாள்.

நிலைமையைச் சரிக்கட்ட நினைத்து ஐவி, “வீட்டுக்குத் துணி தேய்க்க ஒரு அயன் வேணும், காட்டு தாயி” என்றார். நாகலெட்சுமி பெயர் அட்டையை நேராக்கிக்கொண்டாள். வணக்கம் சொன்னாள், புன்னகைத்தாள். மூன்று வகை அயன்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றின் சிறப்பையும் சொன்னாள். உத்தரவாதத்தைச் சொன்னாள். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் அந்த உத்தரவாதம் நீளும் என்றாள். எது நல்லது என்று ஐவி கேட்டபோது, “எல்லாமே நம்ம கம்பனியின் தரமான பொருள்தாங்க மேடம்” என்றாள். பில் போட்டு, இரண்டு கைகளாலும் கொடுத்து, “மீண்டும் வாங்க சேர்” என்றாள். அறிக்கையில் குறை எழுத ஒரு வரிக்கும் இடமில்லை. பஸ்ஸில் ஐவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார்.

திங்களன்று பிரியந்தி அழைத்தார். வழக்கமான முதல் கேள்வி: “அங்கிள் யார் என்று விற்பனையாளருக்குத் தெரிந்ததா?”

“தெரியும். நானே போய்ச் சொன்னேன்.”

வேஷம் கலைந்தால் பரிசோதனை செல்லாது, வேஷத்தைத் தானே கலைத்தவருக்கு இனி வேலை இல்லை என்பது விதி. பதிவை அழித்துவிடுவார்கள். நாகலெட்சுமியின் பெயர் எந்த அறிக்கையிலும் ஏறாது. இந்த விதி தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா என்று பின்னால் கேட்டவர்களிடம், மறந்துபோய்விட்டது என்றார் சூசைரட்ணம். அது உண்மையாக இருந்தால் அவர் அதிர்ஷ்டசாலி. பொய்யாக இருந்தால், அவர் சொன்ன பொய்களில் செலவைத் தானே ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான். இப்போது லிந்துலையில் மருந்துக் கடையில் உட்கார்ந்திருக்கிறார், மாதச் சம்பளத்துக்கு.

நாகலெட்சுமி அதே கடையில் இருக்கிறாள். யாரிடமும் எந்தத் தோட்டம் என்று கேட்பதில்லை. தனியாக வருகிற ஆண்களைக் கண்டால் இன்னும் பணிவு. அடுத்த பரிசோதனையில் ஹட்டன் கிளை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தது. மனேஜர் ஊழியர்களுக்குக் கேக் வெட்டினார்.

அந்த மாதமே இறம்பொடையிலிருந்து ஒருவர் நாகலெட்சுமியிடம் மகளுக்குச் சீராக அதே மூன்று கதவு அலுமாரி வாங்கிப் போனார். மெய்யான தகப்பன், மெய்யான கல்யாணம். மழைக் காலத்தில் திரும்பி வந்து, கதவு மூட மாட்டேன் என்கிறது, சம்பந்தி வீட்டில் சிரிக்கிறார்கள் என்றார். நாகலெட்சுமி அவரை உட்கார வைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். புன்னகையில் குறை வைக்கவில்லை.

“ஈரத்துல வீங்குறது உத்தரவாதத்துல வராதுங்க சேர்” என்றாள்.