தின்னர் போட்டுத் துடைத்த குமிழ்

என் இடது காது சங்கு குளிக்கையில் போனது. அதன் பிறகு ஆழத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. வலது காது ஒன்றுதான் மிச்சம்.

ஒரு மாத வேலைக்குக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கடலடியில் புல் எப்படி வளர்கிறது என்று படம் வேண்டும். மூச்சடக்கி இறங்க ஆள் கேட்டாள். இரண்டு மூன்று பாகம் ஆழம்தான் என்றாள். ஒரு பாகம் என்பது இரு கை விரித்த நீளம். போனேன். பெரியபட்டினம் கரையிலிருந்து என் மச்சான், மனைவியின் தம்பி, வள்ளம் ஓட்டினான்.

கேமராவைத் தண்ணீர் புகாத பெட்டியில் வைத்திருந்தாள். லென்சுக்கு முன்னால் அரை உருண்டையாக ஒரு குமிழ். அதைத் துடைத்து வைப்பது என் பொறுப்பு.

இரண்டாம் நாள் காலை குமிழில் எஞ்சின் ஆயில் பட்டிருந்தது. முங்கும்போது போடும் என் முகக்கண்ணாடியில் ஆயில் பட்டால் தின்னர் துணியால் துடைப்பேன். வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிக்கையில் வாங்கிய தின்னர். குமிழையும் அப்படியே துடைத்தேன். பளிச்சென்று ஆனது.

அன்று மதியம் வள்ளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"இத்துணூண்டு கண்ணாடியிலயா இம்புட்டும் தெரியுது?" என்று மச்சான் கேட்டான்.

"எல்லாம் கண்ணாடி இல்லண்ணே," என்றாள் அந்தப் பெண். "லென்சுக்குள்ள ஒன்னு பின்னால ஒன்னா ஏழு வில்லை இருக்கு. பாதிக்கு மேல பிளாஸ்டிக். வெளிய இருக்க குமிழ் முழுசுமே பிளாஸ்டிக்தான். கண்ணாடின்னா கனம்."

"பிளாஸ்டிக்குன்னா கீறல் விழுகுமே?"

"கீறல் விழுந்தாப் பரவால்ல. பெட்ரோல், தின்னர் படக்கூடாது. உள்ளுக்குள்ள வெடிப்பு ஓடும். ஆழத்துல தண்ணி அமுக்குனா உடைஞ்சிரும்."

தட்டை ஓரமாக வைத்தேன்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது குமிழை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். முடி மாதிரிக் கோடுகள். ஓரத்தில் நிறைய. வாளித் தண்ணீரில் அமுக்கினேன். கோடுகள் மறைந்துவிட்டன. வெளியே எடுத்தேன். காயக் காயத் திரும்ப வந்தன.

சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு ஆளைப் பார்ப்பாள். ஊரில் இரண்டு காதும் நன்றாக இருக்கிறவர்கள் பலர்.

அன்று முதல் குமிழை வாளித் தண்ணீரிலேயே போட்டு வைத்தேன். உப்புக் காயக்கூடாது என்று அவளிடம் சொன்னேன். "நல்ல யோசனை பாய்," என்றாள். படங்களும் நன்றாக வந்தன.

ஐந்தாம் நாள் தீவுப் பக்கம் போகச் சொன்னாள். அங்கே ஆறு பாகம்.

"ஆறு பாகமா?" என்றேன்.

"முடியாதா பாய்?"

"முடியும்."

கேமராவை வாங்கினேன். மச்சான் பார்த்துவிட்டான். "என்ன மச்சான், பிள்ளத்தாச்சி வயித்தப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறீங்க?"

கடலில் இறங்கினேன்.

வலது கையில் பெட்டி. இடது உள்ளங்கையால் குமிழைப் பொத்திக்கொண்டேன். உடைந்தால் கை தாங்கும் என்று நினைப்பு. மூளை வேலை செய்யவில்லை. இரண்டு பாகம். குமிழைப் பார்த்தேன். மூன்று. காது வலித்தது. மூக்கை அமுக்கி ஊத வேண்டும். அப்போதுதான் காது திறக்கும். அதற்கு ஒரு கை வேண்டும். குமிழிலிருந்து கையை எடுக்கப் பயமாக இருந்தது. நான்கு. காதுக்குள் ஆணி அடிப்பது போல இருந்தது. ஐந்து. எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். குமிழ்தான் என்று நினைத்தேன்.

குளிர்ந்த தண்ணீர் தலைக்குள் போனது. எல்லாம் சுற்றியது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. தரை தலைக்கு மேலே வந்தது போல இருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படிப் பயந்ததில்லை. கொஞ்சம் மூச்சு விட்டேன். குமிழிகள் போன பக்கம் நானும் காலை உதைத்தேன். பெட்டியை விடவில்லை.

மச்சான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வள்ளத்தில் போட்டான். வாந்தி எடுத்தேன். அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே விரலை விட்டுத் தடவினாள். விரலைத் திருப்பி எனக்குக் காட்டினாள். காய்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மச்சான் என் வலது காதைத் துண்டால் துடைத்தான். துண்டில் ரத்தம். அவன் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. எஞ்சின் சத்தமும் இல்லை.

"தின்னர் போட்டுத் துடைச்சேம்மா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேனா, மெதுவாகச் சொன்னேனா, தெரியாது. திரும்பவும் சொன்னேன்.

அவள் குமிழை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

என்ன சொன்னாள் என்று தெரியாது. பிறகும் மச்சானிடம் விசாரிக்கவில்லை.