ஓடை குளிர்ந்தபோது

காலை ஒன்பது பத்துக்கு ஓடை குளிரத் தொடங்கியது. நார்வேயில் ஒன்பது பத்து. திருத்தணிப் பக்கம் பகல் ஒன்று நாற்பது. நான் வேலை செய்யும் மழலையர் பள்ளியில் குழந்தைகளைப் பனியில் விளையாட விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, பள்ளிப்பட்டுக்கு அப்பால் ஓடும் ஓர் ஓடையின் வெப்பத்தைக் கைபேசியில் பார்ப்பது என் அன்றாட வழக்கம். சாப்பிட்டாயா என்று மற்ற தாய்மார் மகளைக் கேட்பார்கள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொள்வேன். இருபத்தெட்டு டிகிரி என்றால் எல்லாம் நலம். அன்று அது இருபத்தாறாகி, அடுத்த முறை பார்க்கையில் இருபத்துமூன்றில் நின்றது.

வெப்பத்தை அளந்து அனுப்பும் அந்தக் கருவியை ஓடையில் வைத்தவள் என் மகள் யாழினி. பிறந்தது இங்கே. எட்டு வயதில் பனியுருகி ஓடும் ஆற்றில் கையை விட்டு நின்றவளைத் திட்டி இழுத்து வந்தேன். வளர்ந்ததும் அதுவே அவள் வேலையாயிற்று. ஆண்டுக்காண்டு தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது, இனி எந்த மீன் எந்த மடுவில் தங்கும் என்று கணிக்கிற படிப்பு. இந்நாட்டவர் உயிராக நினைக்கும் லக்ஸ் என்ற சால்மன் மீனுக்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள், உன் ஊர் அயிரைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, திருத்தணியில் என் அக்கா வீட்டில் போய்த் தங்கினாள். பிள்ளை பத்திரமாக வளரட்டும் என்று நான் விட்டுவந்த ஊர் அது.

தண்ணீர் மெல்லச் சூடேறினால் மீனுக்கு ஆபத்து. சட்டென்று குளிர்ந்தால், மேலே ஆந்திர மலையில் மழை பெய்து புதுத்தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். அவளே சொல்லித் தந்தது. அன்று மடுக்களைப் பார்க்க ஓடைக்குள் இறங்குவதாகச் சொல்லியிருந்தாள். கைபேசியை வண்டி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் இறங்குவாள். நான் அழைக்க அழைக்க அது அடித்துக்கொண்டே இருந்தது.

அக்கா வீட்டுக்காரரை, என் பாவாவை, அழைத்தேன். பாவாவுக்குப் பள்ளிப்பட்டில் விசைத்தறி. தறிச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. நீ இன்னா, பனியில குந்திகினு எங்க ஊரு ஓடைக்கு ஜொரம் பாத்துகினு கீற?"

"ஜொரம் எறங்குது பாவா, அதான் பயமா கீது. வண்டிய எடுங்க."

தறிச் சத்தம் நின்றது.

என் முகத்தைப் பார்த்து, உடன் வேலை செய்யும் இங்ரிட் என்னவென்று கேட்டாள். தண்ணீர் இருபத்துமூன்று டிகிரிக்கு வந்துவிட்டது என்றேன். ஆஹா, நீந்துவதற்கு எவ்வளவு சுகம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. குழந்தைகள் மல்லாந்து கிடந்து கைகளை அடித்துப் பனியில் சிறகு வரைந்தார்கள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தினேன்; எல்லாம் ஈரமாக, கனமாக இருந்தன. என் காதில் மட்டும் தண்ணீர் இரைந்தது. கைபேசியில் எண் மறைந்து ஒரு கோடு வந்தது. கருவியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

கடைசியில் பாவா வீடியோவில் வந்தார். இடுப்புவரை சேறு, பின்னால் செந்நிற வெள்ளம். "புள்ள கீது" என்றார் முதலில். அப்புறம்தான் அவளைக் காட்டினார்.

"ஏத்து மீன்மா. தண்ணி சில்லுனு ஆனதும் அயிரை அத்தினியும் எதுத்து மேல ஏறுச்சு. பாத்துகினே நின்னுட்டேன். பெரியப்பா வந்து இழுக்கறவரைக்கும் ஒண்ணும் தெரியல."

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் இங்கே பார்த்ததில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. போதும், பெட்டியைக் கட்டு, வீட்டுக்கு வந்துவிடு என்றேன். அவள் ஏற்கெனவே வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். பாவா கைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"ஆங், வூட்டுக்குத்தான் போய்கினு கீறோம். நீ போன வையிம்மா."